கோழி, பல் துலக்கல், 3:33 மணி: பேஸ்பால் ராசிகள் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடி ஓய்வு பெற்றவர்களின் ராசிகள், விசித்திரப் பழக்கங்கள் பற்றி மட்டும் கேளுங்கள். இப்போது ஆடுபவர்கள் வேண்டாம். ராசிக் கதைகள் வாய்க்கு வாய் வளரும், அதனால் 'எங்கோ படித்தேன்' வகைக் கேள்விகளுக்கு ஒரு வரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நைட் வாட்ச்மேன்: தினமும் கோழி சாப்பிட்டுவிட்டு ஆடிய ஒருவர் இருந்தாராமே, நிஜமா?

நிஜம்தான். வேட் பாக்ஸ். 1982-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸில் தொடங்கி, நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போய், 1999-இல் டாம்பா பேயில் முடித்தவர். ஆட்டத்துக்கு முன் கோழி சாப்பிட்டே ஆக வேண்டும். சக வீரர் ஜிம் ரைஸ் 'சிக்கன் மேன்' என்று பெயரே வைத்துவிட்டார். கோழிக்கென்று ஒரு சமையல் புத்தகமும் போட்டார் மனிதர்.

என்னைக் கேட்டால், அவருடைய பழக்கங்களில் கோழிதான் சாதாரணம். இரவு ஆட்டம் என்றால் சரியாக 5:17-க்கு பேட்டிங் பயிற்சி, 7:17-க்கு ஓட்டம். ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கும்போதும் 'உயிர்' என்று பொருள்படும் ஹீப்ரு எழுத்துகளை மண்ணில் கீறுவார். இத்தனைக்கும் அவர் யூதர் இல்லை. டொராண்டோவில் அவரைக் குழப்புவதற்காக மைதானக் கடிகாரத்தை 7:16-இலிருந்து நேராக 7:18-க்குத் தாவவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே ரசியுங்கள்.

மொத்தம் 3,010 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது). ஐந்து முறை பேட்டிங் சராசரியில் லீக்கிலேயே முதலிடம். மூவாயிரமாவது ஹிட்டை ஹோம் ரன்னாக (நம்மூர் சிக்ஸர் மாதிரி) அடித்த முதல் ஆள் அவர்தான்.

ஆஃப் சைடு: நம் கிரிக்கெட் வீரர்களின் ராசிகள் பற்றியும் சொல்லலாமே?

கிரிக்கெட்டுக்குத் தெருவுக்கு நாலு நிபுணர் இருக்கிறார்கள். அவர்களைப் பிடியுங்கள்.

புதுசு: பாக்ஸ் சாப்பிட்டது பொரித்த கோழியா, சுட்டதா?

விதவிதமாக. ஒரே வகை என்றால் சமையல் புத்தகம் எதற்கு?

மூன்றாம் நடுவர்: எல்லோரையும்விடப் பைத்தியக்காரப் பழக்கம் யாருடையது?

பைத்தியம் என்ற வார்த்தை வேண்டாம். விசித்திரம் என்றால் டர்க் வெண்டல்தான், சந்தேகமே இல்லை. 1990-களில் சிகாகோ கப்ஸ், அப்புறம் நியூயார்க் மெட்ஸ் அணிகளில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். வாயில் கருப்பு அதிமதுர மிட்டாயை மென்றுகொண்டே பந்து வீசுவார். இன்னிங்ஸ் முடிந்ததும் டகவுட்டுக்குப் போய்ப் பல் துலக்குவார், அடுத்த இன்னிங்ஸுக்கு மறுபடி மிட்டாய். மைதானத்தின் ஓர எல்லையான ஃபவுல் கோட்டை மிதிக்க மாட்டார், குதித்துத் தாண்டுவார். கழுத்தில், தான் வேட்டையாடிய மிருகங்களின் பல்லும் நகமும் கோத்த மாலை. மெட்ஸில் சட்டை எண் 99. 2000-இன் கடைசியில் போட்ட ஒப்பந்தத் தொகை 99,99,999.99 டாலர். ஒரு காசு கூடுதலாகக் கேட்டிருந்தால் முழுசாக ஒரு கோடி.

பூவா தலையா: கையில் சிறுநீர் விட்டுக்கொள்வார்களாமே?

மொய்சஸ் ஆலூ. பேட்டிங் கிளவுஸ் போடாமல் மட்டை பிடித்தவர், உள்ளங்கை தடிக்கட்டும் என்று செய்ததாக அவரே சொன்னார். சிறுநீரில் உள்ள யூரியா தோலை மென்மையாக்கத்தான் கிரீம்களில் சேர்க்கப்படுகிறது, தடிக்க வைக்க அல்ல. தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்.

கணக்கு வாத்தியார்: இதையெல்லாம் மூடநம்பிக்கை என்பது தப்பு. 5:17 என்று வைத்துக்கொண்டால் மனசு ஒருமுகப்படும். இது ஒழுங்கு. நீங்கள் கேலி செய்கிறீர்கள்.

கேலி இல்லை. ஆனால் 5:17-க்கும் 5:20-க்கும் மனசுக்கு என்ன வித்தியாசம்? ஜார்ஜ் க்மெல்ச் என்ற மானுடவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். இளமையில் அவரே டெட்ராய்ட் டைகர்ஸின் மைனர் லீக் அணிகளில் ஆடியவர். பசிபிக்கில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவு மீனவர்களைப் பற்றி மலினோவ்ஸ்கி என்ற பழைய மானுடவியலாளர் எழுதியதுதான் அவருக்கு ஆதாரம்: அமைதியான உள்கடலில் மீன்பிடிக்க மந்திரம் கிடையாது, ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் மந்திரம். பேஸ்பாலிலும் அதேதான். பந்தைத் தடுத்துப் பிடிப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் வெற்றி, அதனால் அங்கே சடங்கு அபூர்வம். பேட்டிங்கில் பத்துக்கு மூன்று ஹிட் அடித்தாலே பெரிய ஆள். பிட்சர் நன்றாக வீசியும் தோற்பார். எது கையில் இல்லையோ அங்கேதான் ராசி குடியேறுகிறது.

கணக்கு வாத்தியார்: பாக்ஸ் தினமும் 150 உருட்டுப் பந்துகளைப் பிடித்துப் பழகினாரே? அது ஃபீல்டிங்தானே?

நல்ல கேள்வி, இதற்காகவே உங்களைச் சகித்துக்கொள்ளலாம். பழகியது உழைப்பு. அதற்குப் பலன் 1994, 1995 இரண்டு வருடமும் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருது. 149-இல் நிறுத்தினால் கை நடுங்குகிறது என்றால் அது ராசி. ஒரே பழக்கத்துக்குள் இரண்டும் கலந்து கிடக்கும்.

கணக்கு வாத்தியார்: அப்போதும் ஒழுங்குதான் என்பேன்.

சரி, லாரி வாக்கரைப் பாருங்கள். கனடாக்காரர், கொலராடோ ராக்கீஸில் சட்டை எண் 33. மட்டையை மூன்று முறை வீசிப் பார்த்துவிட்டுத்தான் ஆடுவார். கல்யாணம் நடந்தது நவம்பர் 3, மதியம் 3:33 மணிக்கு. இது எந்த ஒழுங்கு?

பொன்மாலை: தங்க உள்ளாடை?

ஜேசன் கியாம்பி. ஃபார்ம் போனால் போட்டுக்கொள்வார், சக வீரர்களுக்கும் இரவல் கொடுத்தார். துவைத்தார்களா என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

சில்லி பாயிண்ட்: பந்தோடு பேசிய பிட்சர் பற்றி?

மார்க் ஃபிட்ரிச், டெட்ராய்ட், 1976. முதல் வருடமே 19 வெற்றி. மண்டியிட்டு, பிட்சர் மேட்டின் மண்ணைக் கையாலேயே தடவிச் சமன் செய்வார். ஹிட் வாங்கிய பந்தை அம்பயரிடம் திருப்பிக் கொடுத்து வேறு கேட்பார். பந்தோடு பேசியதாகச் சொல்வதை மட்டும் ராசிக் கணக்கில் சேர்க்காதீர்கள். தனக்குத்தானே பேசிக்கொண்டதாக அவரே விளக்கியிருக்கிறார். அடுத்த வருடம் முழங்கால் போனது, பிறகு தோள். மொத்தம் 29 வெற்றியோடு முடிந்துவிட்டது.

கடைசி பெஞ்ச்: கோழி சாப்பிட்ட வீரர் யார்?

மேலே.

பழைய ரசிகன்: இந்தக் கூத்தெல்லாம் இப்போது நடக்குமா?

பாதி நடக்காது. மைக் ஹார்க்ரோவ் என்ற பேட்டர் ஒவ்வொரு பந்துக்கும் முன் கிளவுஸையும் சட்டையையும் இழுத்துவிட்டு ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதால், மழைக்கு ஆட்டம் நிற்பதோடு ஒப்பிட்டு 'மனித மழைத் தாமதம்' என்று பட்டப்பெயர் வாங்கியவர். நோமர் கார்சியாபாராவின் கிளவுஸ் திருகலும் கால் தட்டலும் கிட்டத்தட்ட நாட்டியம். 2023 முதல் பிட்ச் கிளாக், அதாவது அடுத்த பந்து வீசுவதற்கான நேரத்தை எண்ணும் கடிகாரம், வந்துவிட்டது. எட்டு விநாடி மிச்சம் இருக்கும்போதே பேட்டர் தயாராக நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்).

கணக்கு வாத்தியார்: ராசியை மீறி ஜெயித்தவர் ஒருவரைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

டான் லார்சன், யாங்கீஸ் பிட்சர். ஹிட் கொடுக்காமல் பிட்சர் வீசிக்கொண்டிருக்கும்போது டகவுட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். 1956 அக்டோபர் 8, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம். லார்சனே சக வீரர் மிக்கி மேன்டிலிடம் போய் அந்தப் பேச்சை எடுத்தார். மேன்டில் வாயே திறக்காமல் நகர்ந்துவிட்டார். லார்சன் 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். வேர்ல்ட் சீரிஸில் இன்றுவரை அந்த ஒரு பெர்ஃபெக்ட் கேம்தான், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் சேர விடாத ஆட்டம். அவருடைய மொத்தக் கணக்கு 81 வெற்றி, 91 தோல்வி. அதை வைத்து அடுத்த சண்டையை நீங்களே தொடங்குங்கள், எனக்குச் சாப்பாட்டு நேரம்.