முப்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்பு

ஐயா, வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 36. ஒன்பதாவது படிக்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். இப்போது சூப்பர்வைசர் வேலைக்குப் பத்தாவது சான்றிதழ் கேட்கிறார்கள். பத்தாவது முடித்த என் மகள், "நீயும் எழுதும்மா" என்கிறாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டரில் விசாரித்தேன். பதினெட்டாயிரம் கட்டினால் மூன்றே மாதத்தில் சான்றிதழ், பரீட்சைக்கெல்லாம் அலைய வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர், "பத்தாவதெல்லாம் இனிமேல் எதற்கு, ஐ.டி.ஐ.யில் தையல் படி, அதுவே பத்தாவதுக்குச் சமம்" என்கிறார். எனக்குக் கணக்கு என்றால் பயம். எதில் சேர்வது?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

முதலில் அந்தப் பதினெட்டாயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை எழுதாமல் பத்தாவது சான்றிதழ் தரும் வாரியம் இந்த நாட்டில் எதுவும் கிடையாது. அவர்கள் தரும் காகிதத்தில் முத்திரை, ஹாலோகிராம் எல்லாம் பளபளவென்று இருக்கும். கம்பெனியோ அரசு அலுவலகமோ உண்மைத்தன்மை கேட்டு அனுப்பும் அன்றுதான் விஷயம் தெரியும். அப்போது போலிச் சான்றிதழ் கொடுத்தவர் என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும், சென்டர்காரருக்கு வராது. டுடோரியல் வேறு, இது வேறு. டுடோரியலில் பாடம் சொல்லித் தருவார்கள், பரீட்சையை நீங்கள்தான் எழுத வேண்டும். நல்ல டுடோரியல் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள்.

உங்களுக்கு நேர்வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அதே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கரை வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. மேல் வரம்பு இல்லை. ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. முதல் தடவை ஐந்தையும் எழுத வேண்டும். தவறியதை அடுத்தடுத்து எழுதிக்கொள்ளலாம்.

பலரும் கோட்டை விடுவது அறிவியலில். அதில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தனித்தேர்வர்கள் ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய்ச் செய்முறைப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். அதற்கான பதிவு, தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல மாதம் முன்பே நடந்துவிடும். இது தெரியாமல் கடைசியில் தேர்வு விண்ணப்பம் வாங்கும் சேவை மையத்துக்கு ஓடிப்போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய. ஆகவே இப்போதே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவையுங்கள்.

அதற்கும் முன்னால் நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு நடை போய் வர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடி எடுத்துத்தான் தருவார்கள். அங்கே இரண்டு விஷயத்தைக் கண்ணால் பாருங்கள். ஒன்று, இனிஷியல். பள்ளியில் அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கும், ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்திருப்பீர்கள். இரண்டாவது, பிறந்த தேதி. நம் ஊர் ஆரம்பப் பள்ளிகளில் ஐந்து வயது நிறையாத பிள்ளையைச் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொடுத்த காலம் உண்டு. ஊரில் பாதிப்பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்ததாகத்தான் பதிவேடு சொல்லும். பத்தாவது சான்றிதழில் ஒரு தேதி ஏறிவிட்டால் அப்புறம் அதுதான் உங்கள் பிறந்தநாள். திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரையும் பள்ளிப் பதிவையும் ஒன்றாக்கிவிடுங்கள். படிப்பைவிட இந்த வேலைதான் அதிகம் அலைய வைக்கும் என்பது என் எண்ணம்.

சரி, கணக்கு. நூறில் ஒரு மதிப்பெண் கேள்விகளே 14. எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. ஆக 16. இரண்டையும் கூட்டினால் முப்பது ஆகிவிட்டது. ஒரு மதிப்பெண்ணுக்குப் பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். வடிவியலும் வரைபடமும் மூளையைவிடக் கைப்பழக்கத்தைத்தான் அதிகம் கேட்பவை. தைத்து வந்த துணியில் ஒரு நூல் பிசகினாலும் பிடித்துவிடுகிற உங்கள் கண்ணுக்கு, அளவுகோலும் காம்பஸும் பெரிய விஷயமில்லை. மிச்சத்துக்கு எளிதான இரண்டு பாடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். மகளின் பழைய புத்தகங்கள் அதே பாடத்திட்டம்தான். எடைக்குப் போட்டிருந்தாலும் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கணக்கு வேண்டவே வேண்டாம் என்றால் என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. மத்திய அரசுடையது, 1989 முதல் நடக்கிறது. பாடங்களை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கணக்கு கட்டாயமில்லை, தேர்ச்சிக்கு 33, ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. உண்மையான சான்றிதழ்தான். ஆனால் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். வீட்டில் மகளின் புத்தகம் இருக்கிறது, சொல்லித்தர மகளும் இருக்கிறாள். தமிழ்நாட்டில் யாரும் மறுகேள்வி கேட்காத சான்றிதழை எழுதி வாங்குவதே மேல்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு 40 வயது வரைதான், பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. தையல் தொழில்நுட்பத்துக்கு எட்டாவது தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ. என்றால் கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் 'பத்தாவதுக்குச் சமம்' என்பதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். எட்டாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. படிப்பை முடித்து, பத்தாவதின் தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேறினால்தான் பத்தாவதுக்கு இணை என்ற சான்று. தையல் ஒரு வருடப் படிப்பு. வயர்மேன் இரண்டு வருடம், அதற்கும் எட்டாவது போதும். அதாவது தையல் படித்தால் தொழில் கிடைக்கும், பத்தாவது கிடைக்காது. அதோடு ஐ.டி.ஐ. பகல் நேரப் படிப்பு. வாரச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் ஒரு வருடம் ஷிப்டு இல்லாமல் இருக்க முடியுமா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். எனக்கு அது தேவையென்றே தோன்றவில்லை. தொழில் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, இல்லாதது காகிதம்தான்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியும் வரும். "பத்தாவதே வேண்டாம், நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி" என்று யாராவது சொல்வார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது தாண்டாமல் வாங்கிய டிகிரியைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை. 2009-இலேயே அரசாணை போட்டாயிற்று. அதை அறியாமல் மூன்று வருடம் படித்துவிட்டு நிற்கிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாயைத் தாண்டாது. தேதியைத் தவறவிட்டுத் தக்கலில் போட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டும். பரீட்சை வேலை நாட்களில் காலையில் நடக்கும். செய்முறை வகுப்புக்கும் சில நாள் போகும். சூப்பர்வைசர் வேலைக்குப் பத்தாவது கேட்பதே உங்கள் கம்பெனிதான் என்பதால், விண்ணப்பித்த உடனேயே மேனேஜரிடம் சொல்லி அந்த நாட்களுக்கு லீவு கேட்டுவிடுங்கள். ஏற்றுமதி ஆர்டர் முடுக்கத்தில் இருக்கும்போது போய்க் கேட்டால் கிடைக்காது.