படத்தில் ஒன்று, பார்சலில் வேறொன்று

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு பழைய ஃபிலிம் கேமராவை எடுத்தேன். படங்களில் லென்ஸ் பளிச்சென்று இருந்தது. பத்து நாளுக்கு முன் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறது, கேமராவின் தோல் ஓரத்தில் உரிந்திருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், “உள்ளது உள்ளபடி, ரிட்டர்ன் இல்லை என்று எழுதியிருந்தேனே, படம் சும்மா மாதிரிக்குப் போட்டது” என்கிறார். அவர் கடை வைத்திருப்பவர் அல்ல, தனிநபர். பணம் போனது போனதுதானா?

பதில்: இல்லை. உங்கள் கை ஓங்கியிருக்கிறது, நீங்கள் நினைப்பதைவிடவும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸின் முன்வளையத்தில் பொடி எழுத்தில் சீரியல் நம்பர் இருக்கிறது. ஏலப் படத்தில் அது 47 என்று முடிகிறது. உங்கள் கையில் இருக்கும் லென்ஸை நீங்கள் எடுத்த படத்தில் 12 என்று முடிகிறது. இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பூஞ்சையைப் பற்றியே வருத்தப்படுகிறீர்கள். பூஞ்சை எப்போது வந்தது, படமெடுத்தபோது இருந்ததா என்றெல்லாம் அவர் வாதாடலாம். எண்ணைப் பற்றி வாதாட அவருக்கு வழியில்லை. காட்டியது ஒரு லென்ஸ், அனுப்பியது இன்னொன்று.

சட்டத்தில் இதற்கு ‘விவரிப்பின்படி விற்பனை’ என்று பெயர். 1893-ஆம் ஆண்டின் ஆங்கிலேய சரக்கு விற்பனைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, இலங்கையின் 1896 கட்டளைச் சட்டம், இந்தியாவின் 1930 சட்டம், மலேசியாவின் 1957 சட்டம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே சொற்களில் இருக்கிறது: விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும். பொருளை நேரில் பார்க்காமல் வாங்குபவருக்குப் படத்தைவிடப் பெரிய விவரிப்பு எது? எழுத்தில் ‘நல்ல நிலையில்’ என்று போடுவதும், பளிச்சென்ற லென்ஸைக் காட்டுவதும் ஒரே பேச்சுதான்.

அவர் தனிநபர் என்பதால் தயங்க வேண்டாம். தரம் பற்றிய உத்தரவாதத்தைச் சட்டம் தொழிலாக விற்பவர்மீது மட்டுமே சுமத்துகிறது. வீட்டில் கிடந்ததை விற்பவரை அது கட்டாது. ஆனால் விவரிப்பு பற்றிய விதி எல்லா விற்பனையாளருக்கும் உண்டு. 1967-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பீல் எதிர் டெய்லர் வழக்கைச் சொல்கிறேன். தனிநபர் ஒருவர் 1961 மாடல் டிரையம்ஃப் ஹெரால்டு கார் என்று விளம்பரம் செய்தார். வாங்கியவர் நேரில் போய், காரின் பின்புறத்தில் மாடலைக் குறிக்கும் ‘1200’ என்ற வில்லையையும் பார்த்துத்தான் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, பின்பாதி மட்டும் 1961 கார், முன்பாதி அதற்கு முந்தைய மாடல், இரண்டையும் வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். விற்றவருக்கே அது தெரியாது. ஆனாலும் அவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கண்ணால் பார்த்து வாங்கியவருக்கே அந்தப் பாதுகாப்பு என்றால், படத்தை மட்டும் நம்பிய உங்கள் நிலை இன்னும் வலுவானது.

‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம்? அது காட்டிய பொருளின் நிலையைப் பற்றிய பேச்சு. காட்டாத பொருளை அனுப்ப அது அனுமதிச் சீட்டு ஆகாது. இத்தகைய வாசகங்களை நீதிமன்றங்கள் எழுதியவருக்கு எதிராகவே குறுக்கிப் படிக்கும். ‘படம் மாதிரிக்குத்தான்’ என்பதை ஏலம் முடிவதற்கு முன் அவர் எங்கும் எழுதவில்லை. பணம் வாங்கிய பிறகு சொல்வது ஒப்பந்தத்தில் சேராது. உங்களிடம் அவர் அதைச் செய்தியில் எழுதியது உங்களுக்கே சாட்சி, அழிக்காதீர்கள்.

தோல் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் பேச முடியாது. ஏலப் பக்கத்தின் நான்காவது படத்தில், வலது ஓரத்தில், அது மெல்லத் தூக்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. வேறு கேமராவின் படமோ இல்லையோ, தோல் உரிந்ததாகவே காட்டினார், அப்படியே வந்தது. கவனித்தால் கண்ணில் பட்டிருக்கும் குறை வாங்குபவர் பாடு.

இப்போது செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததுதான் முக்கியம். லென்ஸைப் பிரித்துப் பூஞ்சையைத் துடைக்கக் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்தப் பொருள்போல அதில் கைவைத்தால், ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். திருப்பும் உரிமை போய்விடும். நாள் கடத்தினாலும் அதே கதிதான். ‘கெட்ட ரிவ்யூ போடுவேன்’ என்று மிரட்டாதீர்கள், பல ஏலத் தளங்களில் அதுவே விதிமீறல். நீங்கள் தளத்தில் புகார் கொடுத்த பிறகு, ‘முதலில் புகாரை மூடுங்கள், பணம் போடுகிறேன்’ என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். மூடிய புகாரைப் பெரும்பாலும் மறுபடி திறக்க முடியாது. என்னிடம் வரும் கடிதங்களில் மனசு வலிக்கும் கடிதங்கள் இப்படி ஏமாந்தவர்களுடையவைதான்.

ஏலப் பக்கத்தை இன்றே முழுசாகச் சேமியுங்கள், ஏல எண்ணும் தேதியும் தெரியும்படி. தளத்தில் புகார் கொடுக்கும்போது ‘வழியில் சேதம்’ என்ற வகையைத் தேர்ந்தால் பழி கூரியர்மேல் போய்விடும். ‘விவரிப்புக்கு மாறானது’ என்பதே சரி. ஈபேயில் பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள் அவகாசம். பேபால் வழியாகப் பணம் கட்டியிருந்தால் அங்கும் ஒரு கெடு உண்டு, எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி, நிராகரிக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும், திருப்பி அனுப்பும் கடமை வாங்குபவருக்கு இல்லை. ஆனால் தளத்தின் விதி அனுப்பச் சொல்லும். அப்போது டிராக்கிங் எண்ணோடு மட்டும் அனுப்புங்கள்.

தளம் கைவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் தகராறு எழுப்பலாம். அதற்கும் பிறகுதான் நோட்டீஸ், நீதிமன்றம். விற்றவர் வேறு நாட்டில் இருந்தால், ஒரு கேமராவுக்காக வழக்குப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. செலவு பொருளைத் தாண்டிவிடும். அதனால்தான் தளத்துப் புகாரையே வழக்குபோல எண்ணிச் செய்யச் சொல்கிறேன்.

இன்று அவருக்கு இப்படி எழுதுங்கள்: “ஏலப் படத்தில் உள்ள லென்ஸின் எண்ணும் நீங்கள் அனுப்பிய லென்ஸின் எண்ணும் வேறு. விவரிப்புக்குப் பொருந்தாததால் இந்தப் பொருளை நிராகரிக்கிறேன். முழுத் தொகையையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தரவும். கேமரா பயன்படுத்தாமல் பத்திரமாக இருக்கிறது.” இரண்டு எண்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையுங்கள். தோலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.