வாங்காத கடன் உங்கள் பெயரில் நிற்கிறதா?

கேள்வி: வீட்டுக்கடன் கேட்டுப் போனேன். என் பான் எண்ணில் 48,000 ரூபாய் தனிநபர் கடன் கட்டாமல் நிற்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். 15,000 ரூபாய் கொடுத்தால் பத்து நாளில் சிபிலிலிருந்து எடுத்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

சிபில் என்பது ஒவ்வொருவரின் கடன் வரலாற்றைப் பதிவு செய்து, அறிக்கையும் மதிப்பெண்ணும் தரும் நிறுவனம். அது தானாக எந்தக் கடனையும் நீக்காது. கடன் கொடுத்த நிறுவனம் தவறு என்று ஒப்புக்கொண்டால்தான் பதிவு மாறும். அந்த ஏஜென்டுக்கென்று தனி வாசல் எதுவும் கிடையாது. நீங்கள் காசில்லாமல் போடக்கூடிய அதே ஆன்லைன் புகாரைத்தான் அவரும் போடுவார். அதற்கு உங்கள் பான், ஆதார், மொபைலுக்கு வரும் ஓடிபி எல்லாம் கேட்பார். ஏற்கெனவே உங்கள் பான் எண்ணை வைத்து ஒருவன் கடன் எடுத்திருக்கிறான். முன்பின் தெரியாத இன்னொருவர் கையிலும் அதையே தூக்கிக் கொடுப்பீர்களா?

அடுத்து வசூல் ஏஜென்ட் கூப்பிடுவார். "பாதித் தொகை கட்டுங்கள், க்ளோஸ் பண்ணிவிடுகிறோம்" என்பார். தொல்லை விட்டால் போதும் என்று பலர் கட்டிவிடுகிறார்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உங்கள் கடன் அறிக்கையிலும் 'செட்டில்டு' என்று ஏறும். முழுதாகக் கட்டாதவர் என்றுதான் வங்கிகள் அதைப் படிக்கும்.

சரி, புகார் எழுதும் முன் ஒன்றை நன்றாக யோசியுங்கள். மைத்துனருக்கோ நண்பருக்கோ எப்போதாவது ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்களா? கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய கடனில் இணை விண்ணப்பதாரராக இருந்தீர்களா? அந்தக் கடன்களும் உங்கள் அறிக்கையில் வரும். அவர் தவணை தவறினால் உங்கள் மதிப்பெண்ணும் இறங்கும். அது திருட்டு ஆகாது. நீங்கள் போட்ட கையெழுத்தின் விளைவு. கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்து பெயர் மாறியிருக்கவும் கூடும், அதனால் பெயர் புதிதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அறிக்கையில் அந்தக் கணக்கு தனி, கூட்டு, ஜாமீன்தாரர் என எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஜாமீன்தாரர் என்றிருந்தால் போலீஸுக்குப் போவதற்கு முன் மைத்துனர் வீட்டுக்குப் போங்கள்.

அதெல்லாம் இல்லையென்றால், சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் அறிக்கை நிறுவனங்களிலும் முழு அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும். உங்கள் அறிக்கையை நீங்கள் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

பிறகு கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "இது என் கடன் இல்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். விண்ணப்பப் படிவம், எடுத்த புகைப்படம், ஓடிபி போன மொபைல் எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பணம் யார் கணக்கில் விழுந்தது என்ற கேள்விக்கு அவர்கள் சுற்றி வளைக்க முடியாது.

கூடவே தேசிய சைபர் கிரைம் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுத்து, புகார் பெற்றதற்கான ரசீதை (காவல் நிலையத்தில் இதை சி.எஸ்.ஆர். என்பார்கள்) வாங்குங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்த ரசீதை இணைத்து, கடன் காட்டும் ஒவ்வொரு அறிக்கை நிறுவனத்திலும் புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அப்புறமும் இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

முகம் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் கடனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வாங்காதவரை "நீங்கள் வாங்கவில்லை என்று நிரூபியுங்கள்" என்று மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள். சரிபார்க்க வேண்டியது கொடுத்தவரின் வேலை. இதற்கு நாளுக்கு 100 ரூபாய் என்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்கள் கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிடுங்கள். குறிப்பிட்டால் கோப்பு நகர்கிறது.

இதற்கிடையில் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். இனி நகல் கொடுக்கும்போது கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். பான் நகலின் மேல் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கடன் நீங்கியதும், "இந்தக் கணக்கு இவருடையது அல்ல" என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, புதிய அறிக்கையோடு வீட்டுக்கடன் வங்கியில் கொடுங்கள்.