காய்ச்சல் விட்டது, எண்ணிக்கை ஏறியது

அன்புள்ள ஐயா,

நான் பார்மசி மாணவி. நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரை வார்டில் கவனித்து வந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, மூச்சிரைப்பும் குறைந்தது. ஆனால் வெள்ளணு எண்ணிக்கை 11,000-இலிருந்து 17,000-க்கு ஏறியிருந்தது. மருந்து கேட்கவில்லை, மாற்ற வேண்டும் என்றேன். "அவருக்கு வேறு என்னென்ன மருந்து போகிறது என்று பார்த்தாயா?" என்று ஆசிரியர் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலைதானே, நாங்கள் இதையெல்லாம் எவ்வளவு தூரம் படிக்க வேண்டும்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மூச்சிரைப்புக்காக அவருக்கு ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் நியூட்ரோஃபில்களை, அதாவது கிருமியோடு போராடும் ஒருவகை வெள்ளணுக்களை, ஸ்டீராய்டு ஓட்டத்துக்குள் கிளப்பி விட்டுவிடும். எண்ணிக்கை ஏறும், ஆனால் கிருமி பெருகியிருக்காது. முதிராத இளம் அணுக்களும் நிறையத் தென்பட்டால் தொற்று என்று சந்தேகப்படலாம்.

நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை, சரி. ஆனால் மருந்து அந்த நோயின் அடையாளங்களை என்ன செய்கிறது என்பதை அங்கே உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால் போகிறவருக்குக் காய்ச்சல் அட்டை அழகாக இருக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு நாடி ஏறாது. வயதானவர்களில் சிலருக்குக் காய்ச்சலே வராது; திடீரென்று குழம்பிப் பேசுவார்கள், சாப்பாட்டை ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். புற்றுநோய் மருந்தால் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனவருக்குச் சீழ் பிடிக்கவே அணு இல்லை. அவரிடம் 38.3 டிகிரி செல்சியஸ் ஒரே ஒரு முறை பதிவானாலும் அது அவசரம்.

தலைகீழாகவும் நடக்கும். மருந்தே காய்ச்சலைக் கொண்டுவரும். பெனிசிலின் வகை, சல்ஃபா, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் எல்லாம் இதற்குப் பேர்போனவை. நோயாளி தெம்பாக உட்கார்ந்திருப்பார், காய்ச்சல் மட்டும் விடாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இதைக் கவனிக்காமல் ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் ஏற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கும்.

கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதல் டோஸுக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும், இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து. செப்சிஸ், அதாவது தொற்று உறுப்புகளையே பாதிக்கும் நிலை என்றால் இதற்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. எடுத்தவற்றில் ஒன்றில் மட்டும் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்தால், அது பெரும்பாலும் ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டது. சிறுநீரில் கிருமி வளர்ந்து, எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லையென்றால், பொதுவாக மருந்து வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் முக்கியமான விலக்கு.

அப்புறம் ரிப்போர்ட்டில் வரும் எம்.ஐ.சி. எண்கள், அதாவது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு. சிறிய எண் உள்ள மருந்துதான் நல்ல மருந்து என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நைட்ரோஃபியூரண்டாயின் சிறுநீரில்தான் தேவையான அளவு சேரும். ரத்தத்தில் கிருமி இருப்பவருக்கு உதவாது. டாப்டோமைசினை நுரையீரலின் காற்றறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற படலம் முடக்கிவிடும், ஆகவே நிமோனியாவுக்கு ஆகாது.

தேறுகிறாரா என்பதை 48 முதல் 72 மணி நேரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் ஆளைப் பாருங்கள்: மூச்சு, ரத்த அழுத்தம், தெளிவு, பசி. சி.ஆர்.பி. என்ற அழற்சியைக் காட்டும் புரதம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 19 மணி நேரம் ஆகும். அது காய்ச்சலுக்குப் பின்னால்தான் இறங்கி வரும். எக்ஸ்ரே தெளிய வாரக்கணக்கில் ஆகலாம், அதை வைத்து மருந்தை மாற்றாதீர்கள். ஜென்டாமைசின், வான்கோமைசின் போகிறதென்றால் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் உங்கள் கண்ணை விட்டு அகலக் கூடாது.

அந்தப் பெரியவரின் அட்டை இன்னும் கைக்குக் கிடைத்தால், ஸ்டீராய்டு தொடங்கிய நாளையும் எண்ணிக்கை ஏறிய நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அவருக்கு ஸ்டீராய்டே போகவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது நெஞ்சில் சீழ் கட்டியிருக்கிறதா, ஊசிக் குழாய் போட்ட இடம் சிவந்திருக்கிறதா, வயிற்றுப்போக்கு தொடங்கியிருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

அன்புடன்.