கடல்நீரில் ஊதினால் நிறம் மாறவில்லையா?

குளச்சல் நண்பருக்கு, மகளின் அறிவியல் கண்காட்சிக்காகச் செம்பருத்திச் சாறு கலந்து ஸ்ட்ராவால் ஊதியபோது மழைநீர் சீக்கிரம் சிவந்தது, கடல்நீர் அசையவே இல்லை, சோதனை தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தோற்கவில்லை. நீங்கள் கண்டதுதான் விஷயமே.

கடல்நீரில் கார்பனேட் அயனிகள் இருக்கின்றன. மூச்சில் வந்து நீரை அமிலமாக்கும் கார்பன் டை ஆக்சைடை அவை பிடித்துப் பைகார்பனேட்டாக்கிவிடுகின்றன. அமிலத்தன்மை மெதுவாகத்தான் ஏறும்; அமிலத்தில் சிவக்கும் செம்பருத்திச் சாறும் அதனால் சீக்கிரம் நிறம் மாறாது. பெருமளவு இதனால்தான் காற்றில் உள்ளதைப்போல் சுமார் 50 மடங்கு கார்பன் கடலில் இருக்கிறது. மனிதச் செயல்களால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கையும் அது விழுங்குகிறது. செலவாவது கார்பனேட். கடியபட்டணத்துப் பாறைச் சிப்பி ஓடு கட்டுவதும் அதே சரக்கில்தான்.

கடல் எப்போதும் இந்த வாயுவை வாங்கிக்கொண்டே இருக்கும் என்று மட்டும் கண்காட்சி அட்டையில் எழுதிவிடாதீர்கள். ஆடியில் நம் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலேறும். மீனுக்குக் கொண்டாட்டம், ஆனால் அந்த நீர் சுமந்துவரும் கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குத் திரும்பும். நீர் சூடானாலும் வாயுவைக் கைவிடும். இரண்டு சோடா பாட்டில்களின் வாயில் பலூன் மாட்டி, ஒன்றை ஐஸிலும் மற்றொன்றை வெந்நீரிலும் வைத்துக் காட்டுங்கள். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம்.