கோடையில் வேர்க்குரு ஏன் வருகிறது? பவுடர் போட்டால் போகுமா?

வேர்க்குரு என்பது வெளியே வர வழியில்லாத வியர்வை. வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டதும், அது தோலுக்குள்ளேயே கசிந்து பொரிப்பொரியாகச் சிவந்து எழும்பும், சுருக்சுருக்கென்று குத்தும். சுவருக்குள் குழாய் கசிந்தால் பெயின்ட் உப்புமே, அதேதான். கைக்குழந்தைகளுக்கு இந்தக் குழாய்கள் இன்னும் முதிராததால் சீக்கிரம் வரும். கழுத்து மடிப்பையும் ஜட்டி எலாஸ்டிக் பதிந்த இடத்தையும் முதலில் பாருங்கள்.

தினம் 2 முறை பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் ஃபேன் காற்றில் உலரவிட்டு, தொளதொளப்பான பருத்தி உடை போடுங்கள். எண்ணெயும் கெட்டி கிரீமும் அடைப்பைக் கூட்டும். பெரியவர்களுக்கு அரித்தால் காலமைன் லோஷன் போதும். சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

பவுடரை அப்பினால் ஆறிவிடும் என்பது தவறு: வியர்வையில் குழைந்து மடிப்பில் மாவாகப் படியும், குழந்தை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கும் கெடுதல்.