நாய்க்குடை: கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐப்பசி மழை விட்டதும் எங்கள் கொல்லையில் கரையான் புற்றை ஒட்டிக் காளான்கள் வெள்ளை வெளேரென்று முளைத்தன. என் ஏழு வயது மகன் குனிந்து பார்க்கப் போனான். மாமியார் துடைப்பத்தால் தட்டிவிட்டார். "நாய்க்குடைடா, நாய் மூத்திரம் பெஞ்ச எடத்துல வர்றது. தொட்டா கை வெந்துரும்" என்றார். பக்கத்து வீட்டு அக்காவோ மிச்சத்தைப் பறித்துக் குழம்பே வைத்துவிட்டார். கூடப் போட்ட பூண்டு கறுக்கவில்லை, அதனால் விஷமில்லையாம். யார் சொல்வது சரி?

க., தேவிபட்டினம்

அன்புள்ள க.,

பூண்டுச் சோதனையை நம்பவே நம்பாதீர்கள். காளான் நஞ்சுகளில் கொடியதான அமடாக்சின் பூண்டையும் கறுக்க வைக்காது, வெள்ளிக் கரண்டியையும் கறுக்க வைக்காது. கொதித்தாலும் அழியாது. வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு தெளிந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அக்கா பறித்தது புற்றுக்காளானாக இருந்திருக்கும், பிழைத்தார்.

மாமியார் சொன்ன காரணம் தப்பு, பயம் தப்பில்லை. தொட்டால் கை வேகாது. பையன் தொடட்டும், கையைக் கழுவட்டும், வாயில் வைக்க வேண்டாம்.

அந்தப் புற்றுக்குள் விவசாயம் நடக்கிறது. கரையான் தின்ற சருகையும் மரத்தையும் எச்சமாக்கித் தேனடைபோல அடுக்கி, அதில் பூஞ்சை வளர்க்கிறது. பூஞ்சை அதை மக்க வைத்துக் கரையானுக்குச் சோறாக்குகிறது. வெளியே வந்த குடை அந்த வயலின் பூ. பூ என்பது என் சொல் அல்ல. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார், சமையலை மறந்த அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்கிறார். ஆம்பி என்றால் காளான். வறுமையைச் சொல்ல வந்த இடத்திலும் அவருக்குக் காளான் பூக்கத்தான் செய்கிறது. நாம்தான் நாயை இழுத்து வந்தோம்.

உங்கள் பக்கத்துப் பனையேறிகளைக் கேளுங்கள், பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு எதற்கு என்று. தடவாவிட்டால் ஈஸ்ட் புகுந்து கள்ளாக்கிவிடும். ஈஸ்டும் காளானின் சாதிசனம்தான். காளான் என்றால் முகம் சுளிக்கும் எத்தனை பேர் அந்தக் கலயத்துக்கு முன்னால் சுளித்திருப்பார்கள்?

அடுத்த மழைக்குத் துடைப்பத்தை ஒளித்து வையுங்கள். குடைக்கு அடியில் மீன் செவுள்போல மடிப்புகள் இருக்கும். காம்பை நறுக்கிவிட்டு, செவுள் பக்கம் படும்படி வெள்ளைத்தாளில் வைத்து, டம்ளரால் மூடிவிடுங்கள். விடிந்ததும் பையன் எடுத்துப் பார்க்கட்டும், பொடியில் கோலம் விழுந்திருக்கும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்புச் சாயல் வரும், ஆனால் அதை மட்டும் நம்பிச் சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள். பச்சையாக விழுந்தால் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அது வாந்தியும் பேதியுமாகப் படுக்கப் போடும் ரகம்.